'சரக்கு' என்றொரு சொல்: தமிழகத்தில் வரி வருவாயும் குடி பற்றிய மனப்பாங்கும் (1886–2017)

முன்னுரை

மதுவை இன்றைய பேச்சுத் தமிழ் 'சரக்கு' என்கிறது. கள், நறவு, தேறல், தோப்பி என்று பல பெயர்கள் வைத்திருந்த மொழியில், விற்பனைப் பண்டத்துக்கான பொதுச்சொல்லே மதுவின் பெயராகிவிட்டது. குடி பற்றிய மனப்பாங்கை அறநூல்களும் சட்டங்களும் மட்டும் உருவாக்கவில்லை. விற்ற காசு யார் கைக்குப் போகிறது என்பதும் அதைத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. விருந்திலிருந்து கடைக்கு

புறநானூற்றின் 235ஆம் பாடலில் ஔவையார் தம்மைப் புரந்த மன்னன் அதியமானை இழந்து புலம்புகையில், அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தையே முதலில் நினைவுகூர்கிறார். அங்கே கள் கொடையின் அடையாளம். திருக்குறளோ பொருட்பாலில் 'கள்ளுண்ணாமை'க்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கி, அதையடுத்துச் சூதை வைக்கிறது. குடிப்பவர் மதிப்பிழப்பார் என்பது அதன் கவலைகளுள் ஒன்று. இரு பார்வைகளும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. காவல் தெய்வத்துக்குச் சாராயம் படைத்த ஊரே, குடிகாரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கியது.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி)ச் சட்டம் வடிப்பு, இறக்குதல், விற்பனை அனைத்தையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்றானபின், ஏலம் எடுத்தவர் போட்ட முதலை மீட்க விற்பனையைப் பெருக்க வேண்டியிருந்தது. தோப்பிலும் திருவிழாவிலும் இருந்த குடி, அன்றாடக் கடைக்கு நகர்ந்தது.

2. மறியல்: விலக்கு அரசியலானது

கள்ளுக்கடை வருவாய் அந்நிய அரசின் வருவாய் என்பதால், குடியை விடுவது விடுதலைப் போராட்டத்தின் பகுதியாயிற்று. ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈ.வெ.ரா. (பெரியார்), கள் இறக்கப்படாதபடி தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டச் செய்தார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்நின்றனர். குடியால் அதிகம் இழந்த பெண்கள், அதைப் பொதுவெளியில் எதிர்க்கும் உரிமையை இங்கே பெற்றனர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 1929இல் தொடங்கிய 'விமோசனம்' இதழ் மதுவிலக்குக்காகவே வந்தது. எழுத்தாளர் கல்கி அதில் பணியாற்றினார்.

இதற்கு இணையாக இன்னொரு மாற்றம், கள் இறக்கிய சமூகத்தின் உள்ளிருந்தே நடந்தது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், கள் இறக்கும் தொழிலைக் கைவிடுமாறு தம் மக்களை வலியுறுத்தியது. அங்கே உந்துவிசை சட்டமல்ல, சமூக மதிப்பு.

3. விலக்கின் விலை

1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தின் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன. இழந்த வருவாயை ஈடுகட்ட, 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடிக்காதவரும் கடையில் வாங்கும் பொருளுக்கு வரி கொடுத்து விலக்கின் செலவைச் சுமந்தனர்.

போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட விலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் நடப்புக்கு வந்தது. ஆனால் அப்போது அரசு நம்முடையதாகிவிட்டது. அந்நிய வருவாயை மறுக்கும் நோன்பாக இருந்த குடிமறுப்பு அந்தப் பொருளை இழந்தது; எஞ்சியது குற்றமும் தண்டனையும். கள்ளச்சாராயம் தொழிலாயிற்று. விலக்கிருந்தும் குடிக்க வசதியுள்ளவர் மருத்துவச் சான்றுடன் பர்மிட் பெற முடிந்தது. ஏழை காவல் நிலையத்துக்குப் போனார்.

4. அரசே கடைக்காரர்

1971இல் நிதி நிலையைக் காரணம் காட்டிக் கருணாநிதி அரசு விலக்கைத் தளர்த்தியது. 1974இல் அந்த அரசே மீண்டும் கொண்டுவந்த விலக்கை, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு தளர்த்தியது. ஒரு தலைமுறைக்குள் குடி குற்றமாகி, உரிமையாகி, மறுபடி குற்றமாகி, மறுபடி உரிமையானால், மனத்தில் தங்குவது அறம் அல்ல, அரசாணைதான். 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. ஆலையில் தயாராகும் பிராந்தியும் ரம்மும் நிலைத்தன. பனையோடும் தென்னையோடும் இருந்த கடைசித் தொடர்பும் அறுந்து, குடி முழுவதும் புட்டிக்குள் அடங்கியது. சரக்கு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

1983இல் மொத்த விற்பனைக்காகத் தோன்றிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. 2003–04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023–24இல் 45,000 கோடியைத் தாண்டியது. 'குடிமகன்' என்ற சொல் இச்சூழலில் கேலியாகவும் புழங்குகிறது. ஆயினும் பழைய மறியல் மறையவில்லை. 2017இல் உச்ச நீதிமன்ற ஆணையால் நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் இடம்பெயர்ந்தபோது, பல ஊர்களில் பெண்களே முற்றுகையிட்டனர். இம்முறை எதிரில் இருந்தது சொந்த அரசின் கடை.

முடிவுரை

அதே 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடப்புக்கு வந்தபோது, மனிதர் அருந்தும் மது அதிலிருந்து விலக்கப்பட்டது. மாநிலங்கள் அவ்வருவாயைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டன. ஆக, மக்கள் 'சரக்கு' என்றே அழைக்கும் பண்டம் சரக்கு வரிக்குள் வரவில்லை. மதுவை விடுவதற்காக 1939இல் பிறந்த விற்பனை வரியின் வழித்தோன்றல், மதிப்புக் கூட்டு வரி என்ற பெயரில், பெட்ரோல், டீசலோடு மதுவின் மீதும் நீடிக்கிறது. மனப்பாங்கை மாற்ற முனையும் எந்தக் கொள்கையும், முதலில் இந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டியிருக்கும்.