பழைய எம்.ஜி. காருக்கு எந்த ஆயில்? ஷாக் அப்சார்பரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியோட ஆரம்பிக்குது. திருவண்ணாமலை பெரிய தேருக்கு ஷாக் அப்சார்பர் உண்டா?

கிடையாது. தீபத் திருவிழாவோட ஏழாம் நாள் அஞ்சு தேர் மாட வீதியைச் சுத்தி வருது. எதுலயும் ஸ்பிரிங் இல்ல. ஸ்பிரிங் இல்லாத வண்டி குலுங்கும், ஆனா ஊஞ்சல் மாதிரி ஆடாது. தேரோட வேகத்தைக் குறைக்கிறதும் திசையைத் திருப்புறதும் முட்டுக்கட்டைதான். சக்கரத்துக்கு அடியில மரக்கட்டையைச் செருகுவாங்க. உராய்வுல வேகம் சூடா மாறும். இந்த "சூடா மாறும்" அப்படிங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. இன்னைக்குக் கதை முழுக்க அதுதான்.

வில்வண்டியில் ஆரம்பிச்ச பிரச்சினை

நம்ம ஊர் வில்வண்டி தெரியும்ல? சாதா மாட்டு வண்டிக்குக் கீழ வளைஞ்ச இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டினா அது வில்வண்டி. சொகுசு அதிகம். இன்னைக்கு லாரி மெக்கானிக் பட்டான்னு சொல்றாரே, அதே குடும்பம்.

ஸ்பிரிங் வந்ததும் புதுப் பிரச்சினை ஒண்ணு வருது. பள்ளத்துல இறங்கினப்போ கிடைச்ச சக்தியை ஸ்பிரிங் சேர்த்து வச்சுக்கும், அப்புறம் திருப்பிக் கொடுக்கும். வண்டி மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். மாட்டு வண்டி வேகத்துல இது பெரிய தொந்தரவு இல்ல. பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு உரசுற உரசலே ஆட்டத்தை அடக்கிடும். ஆனா கார் வேகத்துல சக்கரம் ரோட்டை விட்டுத் தூக்கிடுச்சுன்னா பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேக்காது.

அதனால 1900-களின் தொடக்கத்துல உராய்வு ஷாக் அப்சார்பர்கள் வந்துச்சு. வட்டத் தகடுகளை அழுத்தி வச்சு ஒண்ணோட ஒண்ணு தேய்க்க விடுறது. முட்டுக்கட்டையோட தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். குறை என்னன்னா, தகடு தேயும், அடிக்கடி போல்ட்டை முறுக்கணும்.

அடுத்து வந்ததுதான் திரவம். ஒரு பெட்டிக்குள்ள எண்ணெய், அதுக்குள்ள பிஸ்டன், சின்ன ஓட்டை, ஒரு வால்வு. சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தச் சின்ன வழியில நெருக்கிப் போகணும். அப்போ ஆட்டம் சூடா மாறிடும். வேகமா அசைஞ்சா எதிர்ப்பு அதிகம், மெதுவா அசைஞ்சா குறைவு. உராய்வுத் தகடு தராத குணம் இது.

கிளிசரின் ஊத்தின கார்

1927-ல் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரோட ஷாக் அப்சார்பர்ல ஊத்தினது கிளிசரின். ஆமா, மெடிக்கல் ஷாப்ல உதட்டு வெடிப்புக்கு வாங்குற அதே சரக்கு. கெட்டியா இருக்கும், அதனால சின்ன ஓட்டையிலயும் நல்ல எதிர்ப்பு கொடுக்கும்.

சிக்கல் வெப்பநிலைல இருக்கு. 20 டிகிரி செல்சியஸ்ல இருந்து 40 டிகிரிக்குப் போனா கிளிசரினோட பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக் குறைஞ்சிடும். குளிர்காலக் காலையில கல்லு மாதிரி இருக்கிற வண்டி, மத்தியானம் தொட்டில் மாதிரி ஆடும். காத்துல இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிக்கும். கனிம எண்ணெயும் சூட்டுல இளகும்தான், ஆனா இந்த அளவுக்கு இல்ல. சூட்டுல ஒரு எண்ணெய் எவ்வளவு இளகுதுன்னு ஒப்பிட 1929-ல் ஒரு குறியீடு உருவாச்சு. பேரு விஸ்காசிட்டி இண்டெக்ஸ். எண் பெருசா இருந்தா, சூடு ஏறினாலும் எண்ணெய் அதிகம் மாறாதுன்னு அர்த்தம்.

இங்கிலாந்துக்கு எழுதின மேனுவல்

இப்ப ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். சென்னைக்குப் பக்கத்துல சோழவரத்துல உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இருந்துச்சு. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்க ரேஸ் நடத்துச்சு. அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகின காலத்துல, கைல இருந்த பிரிட்டிஷ் காரைப் பாத்துப் பாத்து ஓட்டினாங்க. போனா இன்னொண்ணு கிடைக்காது.

எங்க ஊர்ல, திருவண்ணாமலைல, எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன்கிட்ட எம்.ஜி.பி. இருக்கு. அவங்க அப்பா ஓட்டின கார். முன்பக்க ஷாக் அப்சார்பர் கசியுது. ஒர்க்‌ஷாப்ல சொன்னது: "இதைக் கழட்டிப் போட்டுட்டு, பிராக்கெட் வெல்டிங் பண்ணி நம்ம ஊர் குழாய் ஷாக்கை மாட்டிடலாம் சார்."

இங்கதான் நிதானம் வேணும். எம்.ஜி.பி. 1962-ல இருந்து 1980 வரைக்கும் உற்பத்தியாச்சு. ஆம்ஸ்ட்ராங் கம்பெனியோட கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற லீவர் வகை ஷாக் அப்சார்பர்தான் அதுல கடைசி வரைக்கும். முன்பக்கத்துல அந்தக் கைதான் சஸ்பென்ஷனோட மேல் விஷ்போனும். அதாவது சக்கரத்தை மேல பிடிச்சிருக்கிறதே அதுதான். சும்மா கழட்டிப் போட்டா சக்கரத்துக்குப் பிடிப்பே இல்ல. அதே மாதிரி, கசிவுக்குக் காரணம் உள்ள இருக்கிற தண்டு தேய்ஞ்சதுன்னா, எந்த ஆயிலும் காப்பாத்தாது, ரீபில்ட்தான் பண்ணணும். கையைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஆயில் பேச்சை அப்படியே நிறுத்திடுங்க.

ஆட்டம் இல்ல, சீல் மட்டும்தான் போயிருக்குன்னா, சீலை மாத்திட்டு என்ன ஊத்துறது? மேனுவல் சொல்றது ஆம்ஸ்ட்ராங்கோட 624-ம் நம்பர் மெல்லிய திரவம். அது கிடைக்கலைன்னா நல்ல எஸ்.ஏ.இ. 20 கனிம எண்ணெய். கூடவே ஒரு எச்சரிக்கை: கடுங்குளிர்ல இந்த மாற்று ஒத்துவராது.

கவனிங்க, குளிரைப் பத்தின எச்சரிக்கை அது. மே மாசம் 40 டிகிரியைத் தொடுற ஊர்ல அதுக்கு வேலையே இல்ல. மேனுவல் ரெண்டாவதா வச்ச எண்ணெய், செஞ்சி ரோட்டு வெயிலுக்கு முதல் தேர்வாகவே இருக்கலாம்.

பாட்டில்ல இருக்கிற நம்பர்

எந்த புல்லட் மெக்கானிக் கடையிலயும் ஃபோர்க் ஆயில் இருக்கும். வேலை ஒண்ணுதான்: ஓட்டை வழியா நெருக்கிப் போறது. பழைய எம்.ஜி. ஆட்கள் நிறையப் பேர் 20 நம்பர் ஃபோர்க் ஆயில்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா ஃபோர்க் ஆயில் பாட்டில்ல போட்ட 10, 20 எல்லா பிராண்டுலயும் ஒரே கெட்டித்தன்மை இல்ல. டேட்டா ஷீட்ல 40 டிகிரில எத்தனை சென்டிஸ்டோக்னு பாருங்க. ஹைட்ராலிக் ஆயில்ல இது சுலபம். ஐ.எஸ்.ஓ. 32-ன்னா 40 டிகிரில சுமார் 32 சென்டிஸ்டோக். எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் ஏறக்குறைய 46-க்கும் 68-க்கும் நடுவுல வரும்.

செய்யக்கூடாதது ஒண்ணு: பிரேக் ஆயில். அது பெட்ரோலிய எண்ணெயே இல்ல, கிளைக்கால் வகை. ஈரத்தை உறிஞ்சும், உள்ள உரசுற பாகங்களுக்கு எண்ணெய் மாதிரி வழுக்கலும் தராது. இன்னொண்ணு, மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி சுத்தித் துணியால துடைங்க. ஒரு மண் துகள் வால்வுல மாட்டினா ஷாக் செத்துப்போச்சு. ஊத்தினதும் கையை மேலயும் கீழயும் முழுசா பல தடவை ஆட்டி உள்ள இருக்கிற காத்தை வெளியேத்துங்க. எண்ணெய்க்கு நடுவுல காத்து இருந்தா எதிர்ப்பு வராது. இடது, வலது ரெண்டுலயும் ஒரே எண்ணெய்.

ரொம்ப கெட்டியா ஊத்தினா? "கசியாது சார்"னு சில பேர் 90 நம்பர் கியர் ஆயில் ஊத்துறாங்க. அப்போ எண்ணெய் வேகமா வழி விடாது. அடி நேரா சேஸிக்கும் ஷாக்கோட போல்ட்டுக்கும் போகும். கசிவு நின்ன மாதிரி இருக்கும், உலோகம் களைச்சுப்போகும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷத்துக்கு மேல ஆகி, பெரிய மாற்றம் செய்யாம பராமரிக்கிற வண்டிகளை வின்டேஜா பதிவு பண்ணலாம். நம்பர் பிளேட்ல வி.ஏ. வரிசை. பெரிய மாற்றம் செய்யாமங்கற அந்த வரி முக்கியம். வெல்டிங் பொறியை மூட்டுறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிக்கணும்.

அண்ணன் முன்பக்கம் ரெண்டு ஷாக்கையும் ரீபில்டுக்குக் கழட்டி வச்சிருக்கார். வெல்டிங் கிடையாதுன்னு முடிவு. உங்க வீட்டுல பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ அம்பாசிடரோ இருந்தா, அப்பாவோ தாத்தாவோ என்ன ஆயில் ஊத்தினாங்கன்னு கேட்டு எழுதுங்க. அந்தப் பதில்கள் எந்த மேனுவல்லயும் இல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.