மூடுபனியில் உதைபந்தாட்டம்

உதைபந்தாட்ட மைதானத்தில் இறங்கும் இருபத்திருவருள் இருவருடைய நிலை தனியானது. மற்றையோர் ஓடியும் மோதியும் வியர்க்கும்போது, பந்துக் காப்பாளர் இருவரும் தத்தம் கோல் கம்பங்களுக்கிடையே காவல் நிற்கின்றனர். தம்முடைய அணி நன்றாக ஆடும் நாளில் அவர்களுக்கு வேலையே இல்லை. பந்து எதிர்ப்புறத்திற் கிடக்கும். இவர்கள் குளிரிற் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பர். வேலையின்மையே வெற்றிக்கு அடையாளம் எனக் கொள்வது காப்பாளனுக்கு இயல்பு. இந்த இயல்பினால் 1937 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆந் திகதி, நத்தார்த் தினத்தன்று, இலண்டன் மாநகரில் ஒருவர் ஏமாந்த கதை உதைபந்தாட்ட உலகில் இன்றும் பேசப்படுகிறது.

அவர் பெயர் சாம் பாட்ராம். செம்பட்டைத் தலைமயிரும் அஞ்சாத நெஞ்சும் உடையவர். இலண்டனின் தென்கிழக்கிலுள்ள சார்ல்டன் அத்லெற்றிக் கழகத்தின் காப்பாளர். நத்தார்த் தினத்திற் பந்தாட்டமா என நேயர்கள் வியக்கலாம். அக்காலத்து இங்கிலாந்தில் அது வழக்கமே. காலையிலே தேவாலயம், பின்னர் மைதானம், அதன்பின் விருந்து என்று பலருக்கு அந்நாள் கழிந்தது. அன்று சார்ல்டன் அணியினர் செல்சிக் கழகத்தாரை அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே எதிர்த்து ஆடினர்.

ஆட்டந் தொடங்கிச் சிறிது நேரத்தில் எதிர்ப்புறக் கோல் கம்பங்களின் பின்னாலிருந்து மூடுபனி எழுந்தது. அது செல்சியின் காப்பாளரை முதலில் மறைத்தது. பின் மைதானத்தின் நடுப்பகுதியை விழுங்கிக்கொண்டு பாட்ராமை நோக்கி நகர்ந்தது. மத்தியஸ்தர் ஆட்டத்தை ஒருமுறை நிறுத்தினார். சற்றே தெளிந்ததும் மீண்டும் தொடக்கினார். அப்போது சார்ல்டன் அணியின் கையே ஓங்கியிருந்தது. தம் தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக முன்னேறிப் பனிக்குள் மறைவதைப் பாட்ராம் கண்டார். பந்து வரவில்லை; எதிரிகளும் வரவில்லை. செல்சி அணியை நம்மவர் அதன் கோட்டைக்குள்ளேயே அடைத்துவிட்டனர் என்று எண்ணி மகிழ்ந்தார். கால்களை உதறிச் சூடேற்றிக்கொண்டு கோட்டின்மேல் அங்குமிங்கும் நடந்தார்.

கோல் விழுந்திருந்தால் எல்லோரும் மைய வட்டத்திற்குத் திரும்பியிருப்பர். எவரும் திரும்பாதபடியால் கோல் விழவில்லை என்று அவர் தீர்மானித்தார். எவ்வளவு ஒழுங்கான தருக்கம் பாருங்கள்! ஒவ்வொரு படியும் சரி. முடிபு மட்டும் பிழை. தண்டப் பகுதியின் விளிம்புவரை பலமுறை சென்று கண்களைச் சுருக்கிப் பார்த்தார். வெண்மையன்றி வேறொன்றும் தோன்றவில்லை. நெடுநேரங் கழித்துப் பனித்திரையைக் கிழித்துக்கொண்டு ஓர் உருவம் வந்தது. அது செல்சியின் முன்வரிசை வீரர் அன்று, ஒரு பொலிஸ்காரர். அவர் வாய்பிளந்து நின்று, இங்கே என்ன செய்கிறீர் என வினவினார். ஆட்டம் நிறுத்தப்பட்டுக் கால்மணி நேரமாயிற்று. மைதானத்தில் ஒருவருமில்லை என்றும் அறிவித்தார். பாட்ராம் தட்டுத்தடுமாறி உடைமாற்றும் அறையை அடைந்தபோது, தோழர்கள் வெந்நீரிற் குளித்து முடித்து, அவரைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனராம்.

இக்கதையைப் பாட்ராமே எழுதியிருக்கிறார். அதனுடன் பரவிவரும் புகைப்படம் ஒன்றும் உண்டு: பனிக்குள்ளே ஒரு காப்பாளர் கம்பத்தருகே குனிந்து எட்டிப் பார்க்கும் காட்சி. அது பாட்ராமின் படமன்று. 1954 இல் எடுக்கப்பட்ட, அர்சனல் கழகத்து ஜாக் கெல்சி என்பாரின் படம். நல்ல கதைக்குப் படமில்லாவிட்டால் உலகம் இரவல் வாங்கியாவது ஒன்றை ஒட்டிவிடுகிறது.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் குளிர்கால விளையாட்டு. டிசெம்பர் மாதத்தில் இலண்டனிற் சூரியன் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்திப்பொழுதைக் காணும் நமக்கு இந்த அவதி விளங்குவது கடினம். ஆதலால் இருளை வெல்ல அவர்கள் மிக முன்பே முயன்றனர். 1878 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதி, எடிசன் தமது விளக்கைச் செய்து காட்டுவதற்கு ஓராண்டு முன்னதாக, ஷெபீல்ட் நகரின் பிரமால் லேன் மைதானத்தில், நான்கு மூலைகளிலும் மரக் கோபுரங்கள் நாட்டி, அவற்றின்மேல் மின்வில் விளக்குகளை ஏற்றி, இரவில் ஓர் ஆட்டம் நடத்தினர். மின்சாரம் என்ற புதுமையைக் காண ஊரே திரண்டது. கூடியவர் இருபதினாயிரம் பேர் என மதிப்பிட்டனர். நுழைவுக் கட்டணம் செலுத்தியவரோ பன்னீராயிரம் பேர் வரையிலேதான். மைதானத்தின்மீது ஒளியைப் பாய்ச்சியவர்கள் வேலிக்கு வெளியே கிடந்த இருளை மறந்துவிட்டனர் போலும்.

ஆயினும் விளக்கொளி ஆட்டங்கள் எளிதில் வேரூன்றவில்லை. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1930 இல் தன் கழகங்களுக்கு அவற்றைத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளின் பின்னரே தடை தளர்ந்தது. லீக் போட்டி ஒன்று விளக்கொளியில் முதன்முறையாக நடைபெற்றது 1956 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆந் திகதி, போர்ட்ஸ்மத் நகரில். எதிர்த்து ஆடியவர் நியூகாசில் அணியினர். எழுபத்தெட்டு ஆண்டு காத்திருந்த அந்த மாலையில் மின்னுருகி எரிந்துபோய், ஆட்டம் அரைமணி நேரம் பிந்தியே தொடங்கிற்று!

மூடுபனி ஆட்டங்களுள் மிகப் பெயர்பெற்றது 1945 ஆம் ஆண்டு நொவெம்பர் 21 ஆந் திகதி நடந்ததாகும். போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சோவியத் நாட்டிலிருந்து மொஸ்கோ டைனமோ அணியினர் பிரித்தானியாவுக்கு வந்திருந்தனர். முதல் ஆட்டத்தில் அவர்கள் ஆளுக்கொரு பூச்செண்டுடன் மைதானத்தில் இறங்கி, எதிரே நின்ற செல்சி வீரர்களுக்கு அவற்றை வழங்கினர். முரட்டு ஆங்கில வீரர்கள் கையிற் பூவுடன் விழித்து நின்றனர். அர்சனல் கழகத்துடனான ஆட்டம் பின்னர் வந்தது. அர்சனல் மைதானம் போர்க்காலத் தேவைகளுக்கு எடுக்கப்பட்டிருந்தமையால், டொட்டன்ஹாம் கழகத்து மைதானத்தில் ஆடினர். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். அவர்கள் கண்டதோ பனி. சோவியத் மத்தியஸ்தர் லத்திஷெவ் ஆட்டத்தை நிறுத்த மறுத்தார். அவர் தம் நாட்டு முறைப்படி எல்லைக்கோட்டு நடுவர் இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி, மறுபக்கத்தைத் தாமே பார்த்துக்கொண்டார். இடைவேளையில் 3-2 என அர்சனல் முன்னின்றது. இறுதியில் 4-3 என டைனமோ வென்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றிய கதைகள் பல. டைனமோ அணியிற் சிறிது நேரம் பன்னிருவர் ஆடினர் என்பது ஒன்று. வெளியேற்றப்பட்ட அர்சனல் வீரர் பனியின் மறைவில் மீண்டும் உள்ளே நுழைந்து ஆடினார் என்பது மற்றொன்று. அர்சனலின் காப்பாளர் கம்பத்தில் மோதி மயங்கியதும், பார்வையாளர் ஒருவர் இறங்கி அவரிடத்தில் நின்றார் என்பாரும் உளர். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஓர் ஐயம் எழுகிறது. பத்து யார் தூரத்துக்கு அப்பால் ஒன்றுந் தெரியவில்லை என்று எல்லோரும் ஒருமுகமாகக் கூறுகின்றனர். அவர்களே நாற்பது யார் தூரத்தில் நிகழ்ந்தவற்றையும் விரிவாகச் சொல்கின்றனர். இக்கதைகளைச் சுவைக்கலாம், சான்றாகக் கொள்ளல் கூடாது.

வானொலி நேயர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. டைனமோ அணியினருடன் வாடிம் சின்யாவ்ஸ்கி என்ற புகழ்பெற்ற வானொலி வருணனையாளரும் வந்திருந்தார். போர்முனையில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். தாம் காணாத அந்த ஆட்டத்தைத் தம் நாட்டு மக்களுக்கு அவர் விறுவிறுப்புடன் வருணித்தாரென்றும், பாதிக்கு மேற் கற்பனையே என்றும் கூறப்படுகிறது. கேட்டவர்களுக்கு அதனால் என்ன குறை? வானொலிப் பெட்டியின் முன் இருப்பவனுக்கு வெயிலும் பனியும் ஒன்றே.

இதுவரை நாம் பனி என்று சொல்லிவந்தது எது? நுவரெலியாவில் அதிகாலையில் மலைச்சரிவில் இறங்கும் பனியை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வெண்மையானது, ஈரமண்ணின் மணம் உடையது, வெயில் ஏறியதும் கலைவது. இலண்டனின் பனி அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது மஞ்சளாகவும் சிலவேளை கருமையாகவும் தோன்றியது, கந்தகம் நாறியது, சட்டைக் கழுத்திற் கரிபடிய வைத்தது. பல இலட்சம் வீட்டு அடுப்புகளும் தொழிற்சாலைகளும் மின்னிலையங்களும் எரித்த நிலக்கரியின் புகையே அது. காற்றசைவற்ற குளிர்நாளில், நிலத்தையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோற் படிந்துவிடும். அப்போது புகை மேலெழ வழியின்றி ஈரத்துடன் கலந்து நகரின்மேல் உறைந்து நிற்கும். ஜோன் ஈவ்லின் என்பார் இப்புகையைக் கண்டித்து 1661 இலேயே நூலெழுதினார். 1873 டிசெம்பரில் இலண்டனிற் கால்நடைக் கண்காட்சிக்குக் கொணர்ந்த கொழுத்த மாடுகள் மூச்சுத்திணறி வீழ்ந்தன. புகையையும் பனியையும் இணைத்து ஸ்மொக் என்னும் புதுச்சொல்லை 1905 இல் ஒரு மருத்துவர் வழங்கினார். நகரத்தாரோ அதைப் பட்டாணிரசம் என்று கேலிப்பெயரிட்டழைத்துப் பழகிவிட்டனர். பழகிய கொடுமை கொடுமையாகத் தோன்றுவதில்லை, வேடிக்கையாகிவிடுகிறது.

ஓடுபவன் நிற்பவனைக் காட்டிலும் பலமடங்கு காற்றை உள்ளிழுக்கிறான் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். உடலை வளர்க்கவென்று மைதானத்தில் இறங்கிய இளைஞர்கள் உள்ளிழுத்தது கந்தகப் புகையை. பாட்ராமும் வட இங்கிலாந்தில் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவரே. 1934 இல் தம் ஊர்க்கழகத்தின் இறுதியாட்டம் ஒன்றில், உரிய காப்பாளர் இல்லாமையால் அவ்விடத்தில் நின்றார். அதைக் கண்ட சார்ல்டன் கழகத்தார் அவரை இலண்டனுக்கு அழைத்தனர். அவர் விட்டு வந்த கரி அவருக்கு முன்னரே இலண்டன் போய்ச் சேர்ந்திருந்தது.

1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, அந்த மூடி மீண்டும் நகரின்மேல் இறங்கியது. போருக்குப் பின் கடன்பட்டிருந்த நாடு நல்ல கரியை ஏற்றுமதி செய்து, தூளும் துண்டுமான மட்டக் கரியையே வீடுகளுக்கு விட்டிருந்தது. குளிர் கடுமையாக, மக்கள் அதை மேலும் மேலும் எரித்தனர். முதலில் வேடிக்கைச் செய்திகளே வந்தன. பேருந்துகளின் முன்னே நடத்துநர்கள் விளக்கேந்தி நடந்தனர். வைற் சிற்றி அரங்கில் ஓட்டப்பந்தய நாய்கள் தாம் துரத்தவேண்டிய பொம்மை முயலைக் காணமாட்டாமையாற் பந்தயம் கைவிடப்பட்டது. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளே புகை புகுந்து, மேடை தெரியாமல் இசைநாடகம் இடையில் நின்றது. கால்நடைக் கண்காட்சியில் மாடுகள் மறுபடியும் மூச்சுத்திணறின. உரிமையாளர்கள் சாக்குத் துணியை விஸ்கியில் நனைத்து அவற்றின் முகத்திற் கட்டினர்.

பின்னர் சவப்பெட்டிகள் போதவில்லை என்ற செய்தி வந்தது. மலர் வளையங்களும் தீர்ந்துபோயின. ஐந்து நாட்களின் பின் காற்று வீசிப் புகை கலைந்தது. அவ்வேளை இறந்தவர்கள் நாலாயிரம் பேர் என முதலிற் கணக்கிட்டனர். அடுத்த மாதங்களிலும் மரணங்கள் வழமைக்கு மேல் நிகழ்ந்தன. அவற்றை அரசாங்கம் சளிச்சுரத்தின்மேற் சாட்டியது. அவற்றையும் சேர்த்தால் பன்னீராயிரம் வரையாகும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் முடிபு. இறந்தோருட் பெரும்பாலோர் முதியோரும் குழந்தைகளும் நெஞ்சு நோயுடையோரும். அவர்கள் படுக்கையிற் கிடந்தே மடிந்தனர். தெருவில் நடந்தவர்களுக்கு அந்தச் சாவு கண்ணுக்குத் தெரியவில்லை.

அரசாங்கம் விரைந்து செயற்பட்டதெனச் சொல்வதற்கில்லை. நெருக்குதலின் பேரிலேயே விசாரணைக் குழு அமைந்தது. 1956 ஆம் ஆண்டு ஜூலையிலேதான் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகை விலக்கிய வட்டாரங்களை வகுக்கும் அதிகாரம் அதனால் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கிடைத்தது. அவ்வட்டாரங்களிற் புகையற்ற எரிபொருளையே வீட்டடுப்புகள் ஏற்கவேண்டும். ஒரே நாளில் வானம் வெளுக்கவில்லை. 1962 டிசெம்பரில் மீண்டும் ஒரு புகைப்பனி பல நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே அது படிப்படியாக அருகியது.

சட்டம் வந்த அந்த 1956 மார்ச்சிலேயே பாட்ராம் சார்ல்டன் கழகத்தை விட்டு யோர்க் நகரக் கழகத்தின் முகாமையாளராகச் சென்றார். அதற்குள் சார்ல்டனுக்காக 623 ஆட்டங்கள் ஆடியிருந்தார். 1947 இல் இங்கிலாந்தின் சங்கக் கிண்ணத்தை வென்ற அணியிலும் நின்றார். நத்தார்த் தினக் கதை இடம்பெற்ற அவருடைய நூலும் 1956 இலேயே வெளிவந்தது. 1981 இல் அவர் காலமானார். சார்ல்டன் மைதானத்தின் வாயிலில் 2005 இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை தெருவின் மறுகோடியிலிருந்தே தெரிகிறது.