வயலுக்கு அடித்த மருந்து

ராயகிரியில் என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். சிவகிரியை அடுத்த சிற்றூர் அது. 2019 நவம்பர் வரை நெல்லை மாவட்டம், அதன்பின் தென்காசி மாவட்டம். மேற்கே திரும்பினால் மலைத்தொடர் தெரியும். மாமா நெல்லும் பருத்தியும் பயிரிட்டே காலம் கழித்தவர். ஒட்டிய வயிறு, முறுக்கேறிய கால்கள். இனிப்பு என்றால் தீபாவளிக்கு ஓர் அதிரசம், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மண்வெட்டி பிடிப்பவனை அந்த நோய் அண்டாது என்பதே எங்கள் பக்கத்து நம்பிக்கை. சீட்டில் எழுதித் தந்த அறிவுரைகளுள் முதலாவது, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவேண்டும் என்பது. மாமா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான நாடுதழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். பரம்பரை, தீட்டிய அரிசி, அசையாத வாழ்க்கை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மெய்யானவையே. ஆனால் மாமாவைப் போன்றவர்களுக்கு அவை முழுவதுமாகப் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியில் மதுரையிலிருந்து வந்த ஓர் ஆய்வு நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

பூச்சிக்கொல்லிக்கும் நோய் தீர்ப்பதற்கும் நம் ஊரில் பெயர் ஒன்றே: மருந்து. 'மருந்து அடித்தாயிற்றா?' என்று வயலில் கேட்பார்கள், 'மருந்து சாப்பிட்டாயிற்றா?' என்று வீட்டில் கேட்பார்கள். அந்த முதல் மருந்தின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் வேதியியலாளர் கெர்ஹார்டு ஷ்ராடர் புதிய பூச்சிக்கொல்லி தேடி பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலந்துகொண்டிருந்தார். 1936 டிசம்பரில் அவர் கையில் கிடைத்தது டாபுன். பூச்சியைவிட மனிதனைக் கொல்ல அது ஏற்றது என்று கண்ட நாஜி ராணுவம் அதைத் தனதாக்கிக்கொண்டது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் தன் வேலை முடிந்ததும் சிதைக்கப்படவேண்டும். சிதைக்கும் நொதியை இந்தச் சேர்மங்கள் முடக்கிவிடும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்த நொதி பொது.

ஷ்ராடரின் இன்னொரு கண்டுபிடிப்பான பாரத்தியான், போருக்குப்பின் 'ஃபாலிடால்' என்ற பெயரில் உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. பாலிடால் என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. கிராமத்துச் சாவுச் செய்திகளிலும் சினிமாக் காட்சிகளிலும் விஷத்துக்கு மறுபெயராகவே நிலைத்துவிட்ட சொல் அது. 1958இல் கப்பலில் கோதுமை மாவோடு சேர்த்து ஏற்றப்பட்ட ஃபாலிடால் கசிந்து, அந்த மாவை உண்டவர்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையிலான விசாரணை ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதே பத்தாண்டில்தான் பசுமைப் புரட்சியும் வந்தது. குட்டை ரக நெல்லோடு உரமும் மருந்தும் சேர்ந்தே வயலுக்குள் நுழைந்தன.

இங்கே ஒரு சிறிய கிளைக்கதை. தெளித்த நஞ்சு மண்ணில் என்ன ஆகிறது? நம் நாட்டு அறிவியலாளர் சேதுநாதனும் ஜப்பானியரான யோஷிதாவும் பிலிப்பைன்ஸ் நெல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தபோது, நெல்வயலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973இல் வெளியிட்டார்கள். பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் நஞ்சுகளை அது சிதைத்தது. நல்ல செய்திதான். மண்ணிலுள்ள நுண்ணுயிரி செய்யும் இதே வேலையைக் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நெடுங்காலம் எவருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கணேசன் வேல்முருகன், சுப்பையா இராமசாமி குழுவினர் அக்கேள்வியைக் கையிலெடுத்தனர். திருப்பரங்குன்றம் வட்டாரச் சிற்றூர்களில் 35 வயதைக் கடந்த 3,080 பேரை ஆராய்ந்தனர். பூச்சிக்கொல்லியை நேரடியாகக் கையாண்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மற்றவர்களில் 6.2 விழுக்காட்டினருக்கே. ரத்தத்தில் நஞ்சின் எச்சம் கூடக்கூடச் சர்க்கரையும் கூடியிருந்தது; ஆனால் அந்த நரம்பு நொதியில் அதற்கேற்ற மாற்றம் இல்லை. அதாவது, ஷ்ராடர் காலம் முதல் நஞ்சின் தீமையை அளந்துவந்த அளவுகோலில் இவர்கள் நலமானவர்களே.

பிறகு எலிகள். 180 நாட்கள் குறைந்த அளவில் மோனோகுரோட்டோபாஸ் ஊட்டப்பட்ட எலிகளுக்கு, சர்க்கரையைக் கையாளும் திறன் குலைந்தது. அவற்றின் மலத்திலுள்ள நுண்ணுயிரிகளை நஞ்சறியாத எலிகளுக்கு மாற்றியபோது அவையும் அதே நிலையை அடைந்தன. குடல் பாக்டீரியாக்கள் நஞ்சைச் சிதைக்கின்றன. சிதைவில் அசிட்டிக் அமிலம் முதலிய சிறு கொழுப்பமிலங்கள் பிறக்கின்றன. அவற்றைக் கொண்டு உடல் புதிதாகக் குளுக்கோஸ் உற்பத்தி செய்கிறது என்பது அவர்கள் முடிவு. 2017 ஜனவரியில் 'ஜீனோம் பயாலஜி' இதழில் வெளியாயிற்று.

இதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஒரே தருணத்தில் எடுத்த கணக்கெடுப்பு காரணத்தை நிறுவாது, எலி மனிதனல்ல. நார்ச்சத்தை உண்ணும் குடல் பாக்டீரியாவும் அசிட்டிக் அமிலத்தைத்தான் தருகிறது, அதை நன்மை என்றே சொல்லி வருகிறோம். இத்துறையில் சறுக்கல்களும் உண்டு. 2012இல் சீனரிடமும் 2013இல் சுவீடன் பெண்களிடமும் நீரிழிவாளரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர்கள் வேறுவேறு பட்டியல்களைத் தந்தார்கள். அவர்கள் கண்டதில் ஒரு பகுதி நோயின் அடையாளமே அல்ல, நோயாளிகள் விழுங்கிவந்த மெட்ஃபார்மின் மாத்திரையின் விளைவு என்று 2015இல் தெரியவந்தது. மதுரைக் கணக்கைப் பிற ஊர்களிலும் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்தாலொழிய அது முற்றுப்பெறாது என்பது என் எண்ணம்.

மோனோகுரோட்டோபாஸை 2005இலேயே காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாது என்று விலக்கியிருந்தார்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் இறந்தனர். அதன் 36 விழுக்காட்டுக் கரைசலைக் கைவிடும் ஆணையை ஒன்றிய அரசு 2023இல்தான் பிறப்பித்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். மருத்துவர்கள் எவராவது வயலில் என்ன அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்களா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். பிறகு, "எலிக்கு எத்தனை நாள் குடுத்தாங்க?" என்றார்.

"நூற்றெண்பது நாள், மாமா."

"நான் முப்பது வருசம்லா அடிச்சிருக்கேன், மருமவனே" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரையைத் தேடி உள்ளே போனார்.