வதந்தியும் விசாரணையும்

ஓரிடத்தில் கொலை நடந்தது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் ஜனங்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. செத்தவர் யார் என்பது ஒன்று. செய்தவன் எந்த இனத்தான், யாருடைய ஆள் என்பது மற்றொன்று. எவ்வாறு நேர்ந்தது, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்னும் மூன்றாம் கேள்வி வெகுநாள் சென்றே வருகிறது, சிலபோது வருவதேயில்லை. தோட்டத்தில் ஒருவன் வெட்டுண்டான் என்றால், விடியற்காலைப் பிரட்டுக் கலைவதற்குள் குடி, பெண், சாதி என மூன்று காரணங்கள் பிறந்துவிடும். கற்றோர் நிறைந்த சர்வகலாசாலையில் மட்டும் வேறு விதமாக நடக்குமோ? நடக்கவில்லை என்பதை, 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு கொடுமையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வர்ஜீனியா மாகாணத்து மலைப்பகுதியில் பிளாக்ஸ்பர்க் என்றொரு சிறு பட்டணம் உண்டு. அங்குள்ள பெரிய சர்வகலாசாலையை வர்ஜீனியா டெக் என்பர். அவ்வாண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் திங்கட்கிழமை, காலை 7.15 மணியளவில், மாணவர் விடுதி ஒன்றில் ஒரு மாணவியும் ஒரு மாணவரும் சுடப்பட்டு மாண்டனர். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து, நாரிஸ் மண்டபம் என்னும் வகுப்புக் கட்டிடத்தின் வாயிற் கதவுகளை உள்ளிருந்தே சங்கிலியால் பிணைத்துவிட்டு, ஒரு மாணவன் அறை அறையாகப் புகுந்து சுட்டான். பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களுள் முப்பது உயிர் போயிற்று. பின்னர் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனை நீக்கி மாண்டவர் 32 பேர். அவருள் மாணவர் 27, ஆசிரியர் 5. கொலைஞன் பெயரை நாம் எழுதப் போவதில்லை. இரண்டு கொலைகளுக்கும் இடையே தபால் நிலையம் சென்று, தன் படங்களையும் பேச்சையும் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பி வைத்தவன் அவன். அவன் விரும்பிய விளம்பரத்தை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

மாண்டவருள் ஒருவரைப் பெயர் சொல்லி நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர் ஜி. வி. லோகநாதன். தமிழ்நாட்டில் கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம் பிறந்தவர். கோயமுத்தூரிலும் கான்பூரிலும் எந்திரக் கலை பயின்று, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, கால் நூற்றாண்டு காலம் அச்சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தார். மழை எவ்வளவு பெய்யும், ஆறு எவ்வளவு கொள்ளும், வெள்ளம் எங்கே புரளும் என்று கணக்கிடும் நீரியல் அவர் துறை. அன்று காலை 206-ஆம் எண் அறையில் அப்பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தார். அவரோடு அவ்வறையில் மாணவர் ஒன்பதின்மர் மாண்டனர். இந்தியாவிலிருந்து வந்த மாணவி, இந்தோனேசிய மாணவர், எகிப்திய மாணவர் ஆகியோரும் அவருள் அடங்குவர். அருகிலிருந்த 204-ஆம் எண் அறையில் ரூமேனியாவில் பிறந்த லிபிரெஸ்கு என்னும் 76 வயது ஆசிரியர், ஹிட்லர் காலத்து யூதர் கொலைக்குத் தப்பிப் பிழைத்தவர், தம் மாணவர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பும் வரை கதவை உடம்பால் தாங்கி நின்று உயிர் விட்டார். அன்னியன் எவன் என்று தேடியோர் மாண்டவர் பட்டியலைச் சற்றே நிதானித்துப் படித்திருப்பின் நலமாயிருக்கும்.

நிற்க. அன்றைய ஊகங்களுள் முதலாவதும் மிகக் கொடியதும் தெருவில் பிறக்கவில்லை. விசாரணைக்கு வந்த போலீசாரிடமே பிறந்தது. விடுதியில் மாண்ட மாணவிக்கு ஒரு காதலன் உண்டு என்றும், அவனிடம் துப்பாக்கி உண்டு என்றும் அவள் தோழி கூறினாள். இரண்டும் மெய்யே. ஆயினும் அவ்விரண்டையும் கூட்டிக் கிடைத்த விடை பொய். இது காதற் பிணக்கு, செய்தவன் ஓடிவிட்டான், இனி மற்றவருக்கு ஆபத்தில்லை என்று கொண்டு அந்த இளைஞனைத் தேடப் புறப்பட்டனர். சர்வகலாசாலை அதிகாரிகளும் அக்கருத்தையே ஏற்று, 9.26 மணிக்குத்தான் மாணவர்க்கு முதல் எச்சரிக்கைக் கடிதத்தை மின்வழி அனுப்பினர். அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டன. போலீசார் அவ்விளைஞனைச் சாலையில் மறித்து விசாரித்துக்கொண்டிருந்த வேளையிலேயே நாரிஸ் மண்டபத்தில் வெடிச் சத்தம் எழுந்தது. அவன் யாதொரு குற்றமும் அறியாதவன். அவளை விடுதியில் கொண்டுவந்து விட்டுச் சென்றவன். அவள் செத்தாள் என்பதையே அப்பொழுதுதான் கேட்கிறான்! பின்னர் மாகாண அரசினர் நியமித்த விசாரணைக் குழுவினர், போலீசார் தமக்குக் கிடைத்த முதல் துப்பே சரியானதென்று அவசரப்பட்டு முடிவு செய்தது தவறாயிருக்கலாம் என்று மிருதுவான சொற்களில் எழுதினர். மாண்டோர் பெற்றோர் சிலர் வழக்காடினர். 2012-இல் ஜூரிகள் சர்வகலாசாலை மீது தவறு கண்டனர். 2013-இல் மாகாணத்து மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. சட்டத்தின் முடிவு அதுவாயினும், ஓர் ஊகத்தை உண்மையென நம்பியதால் கழிந்த அந்த இரண்டு மணி நேரம் மறையவில்லை.

போலீசார் ஊகித்தது இப்படியென்றால் பத்திரிகைகள் சும்மா இருக்குமோ? சுட்டவன் ஆசியக் கண்டத்து முகமுடையவன் என்ற ஒரு செய்தி மட்டும் வெளிப்பட்டிருந்தது. அன்றைக்கே சிக்காகோ நகரத்துப் பத்திரிகை ஒன்றின் பத்தி எழுத்தாளர், அவன் சீனத்தான் என்றும், ஷாங்காய் நகரிலிருந்து முந்தின ஆண்டு ஆகஸ்டு மாதம் அனுமதிச் சீட்டுப் பெற்று வந்தவன் என்றும் எழுதிவிட்டார். ஊரும் மாதமும் சேர்த்துச் சொன்னால் பொய்க்கு எவ்வளவு மதிப்பு வந்துவிடுகிறது பாருங்கள்! செய்தி உலகெங்கும் பரவிற்று. சீன அரசாங்கத்தார் கண்டித்தனர். மறுநாட் காலை உண்மை வெளியாயிற்று: அவன் தென்கொரியாவில் பிறந்தவன், எட்டு வயதில், 1992-இல், பெற்றோரோடு வந்து அமெரிக்கப் பள்ளிகளிலேயே படித்தவன், வயது 23.

அந்த ஓர் இரவுக்குள் வேறொரு மாணவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவன் சீன வம்சத்து அமெரிக்கன்; அதே சர்வகலாசாலையில் பயின்றவன்; துப்பாக்கி சேகரிப்பதில் பிரியமுள்ளவன். துப்பாக்கிகளோடு தான் நிற்கும் படங்களை இணையத்தில் வெளியிட்டிருந்தான். யாரோ அதைக் கண்டெடுத்து, "இவனே அவன்" என்று எழுத, ஆயிரமாயிரம் பேர் அவன் பக்கத்தில் குவிந்து வசை பொழிந்தனர். உயிரை வாங்குவோம் என்று மிரட்டினர். நான் உயிரோடிருக்கிறேன், நான் அவனல்லேன் என்று அவனே வந்து நிரூபிக்க வேண்டியதாயிற்று. முகமும் துப்பாக்கியும் ஒத்திருந்தன. அவ்வளவே அவர்களுக்குப் போதுமான சாட்சியம்.

கொரியன் என்று தெரிந்த பின் நடந்தது நம்மவர் கூர்ந்து நோக்கத்தக்கது. தென்கொரிய ஜனாதிபதி ரோ மூ ஹியுன் ஒரு முறையன்று, பலமுறை அனுதாபம் தெரிவித்தார். சியோல் நகரில் அமெரிக்கத் தூதராலயத்தின் முன் ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றனர். வாஷிங்டனிலிருந்த கொரியத் தூதர் லீ டே சிக், அமெரிக்காவில் வாழும் கொரியர் மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளாக 32 நாள் மாறி மாறி உபவாசம் இருக்கலாம் என்றார். கொரியக் கடைக்காரரும் மாணவரும் தம்மை அடிக்க வருவரோ என்று அஞ்சினர். அவ்வாறு பெருந்தாக்குதல் எதுவும் நிகழவில்லை என்பதையும், எட்டு வயது முதல் எங்கள் மண்ணில் வளர்ந்தவனுக்காக நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்ட அமெரிக்கர் பலர் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவ்வச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பான்மையோருள் ஒருவன் கொன்றால் அவன் ஒரு பைத்தியக்காரன். சிறுபான்மையோருள் ஒருவன் கொன்றால் அவன் ஓர் இனம். கடல் கடந்து வந்து குடியேறிய எந்தக் கூட்டத்தாருக்கும் இது புத்தகம் படித்து அறிய வேண்டிய பாடமன்று. பத்திரிகையில் குற்றவாளியின் பெயரைப் பார்க்குமுன், "நம்மவனாக இருக்கக் கூடாதே" என்று நெஞ்சு படபடக்காத தமிழன் இந்நாட்டில் யார்? அப்படியிருந்தும், தோட்டத்தில் ஒரு பொருள் களவு போனால் வங்காள தேசத்தான் செய்திருப்பான், இந்தோனேசியன் செய்திருப்பான் என்று, விசாரிக்குமுன் சொல்லுகிறவர்களும் நம்மவரே. காரியாலயத் திண்ணையில் இதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம்.

இனம் முடிந்தபின் காரணம் தேடும் வேட்டை தொடங்கிற்று. கொலைஞன் கையில் இஸ்மாயில் என்னும் பெயர் வரும் இரண்டு சொற்கள் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தன. உடனே இது மதச் சம்பந்தமான காரியம் என்றனர் சிலர். பழைய அமெரிக்க நாவல்களில் அப்பெயருக்குப் பொருள் தேடினர் வேறு சிலர். இன்றுவரை அதன் பொருள் துலங்கவில்லை. வீடியோ விளையாட்டே இவனைக் கெடுத்தது என்று வழக்கறிஞர் ஒருவர், கொலைஞன் யாரென்று தெரியுமுன்னரே தொலைக்காட்சியில் அடித்துக் கூறினார். அவனது அறையைச் சோதித்தபோது அத்தகைய விளையாட்டு ஒன்றும் அகப்படவில்லை. அவன் சுத்தியலை ஓங்கி நிற்கும் படம் ஒரு கொரியத் திரைப்படத்துக் காட்சியை ஒத்திருக்கிறது என்றனர். அப்படத்தை அவன் பார்த்தான் என்பதற்குச் சாட்சியம் இல்லை. முதலில் மாண்ட மாணவியை அவன் காதலித்தான் என்றனர். இருவர்க்கும் அறிமுகம் இருந்ததாகவே ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

புகை கண்டு நெருப்பைக் கருதுவது அனுமானம் என்று நமது பழைய தருக்க நூலார் வகுத்தனர். அதற்குப் புகையை முதலில் கண்ணாற் காண வேண்டும். புகையும் நெருப்பும் எங்கும் பிரியாதிருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். விளையாட்டு ஆடுவோர் கோடிக் கணக்கினர் கொல்லவில்லையே என்று ஒரு கணம் எண்ணினால் இந்த அனுமானம் நில்லாது. இங்கோ, புகையையே காணாமல் நெருப்பின் நிறத்தைப் பற்றி வாது செய்தனர்.

ஆயின் உண்மை எங்கே கிடந்தது? பரபரப்பு ஒன்றுமில்லாத இடத்தில் கிடந்தது. கவர்னர் டிம் கெய்ன் நியமித்த விசாரணைக் குழு, ஓய்வு பெற்ற போலீஸ் தலைவர் மாசெங்கில் என்பவரைத் தலைவராகக் கொண்டு, நான்கு மாதம் உழைத்து, 2007 ஆகஸ்டு மாதம் இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டது. அதைப் படிப்பவர்க்கு முதலில் சலிப்பே தோன்றும். யார் யாருக்குக் கடிதம் எழுதினார், எந்த அலுவலகம் எதை எந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை என்பதே பக்கந்தோறும். சிறு வயது முதலே அவன் பிறர் முன்னிலையில் வாய் திறவாத ஒருவகை நோயுடையவன். பள்ளி நாட்களில் அதற்குச் சிகிச்சையும் தனி உதவியும் கிடைத்தன. சர்வகலாசாலை சேர்ந்தபோது அச்செய்தி அவனோடு சேரவில்லை. 2005-இல் அவனது எழுத்தையும் நடத்தையையும் கண்டு அஞ்சிய ஆங்கில ஆசிரியர்கள் மேலிடத்துக்குத் தெரிவித்தனர். துறைத் தலைவி லூசிண்டா ராய் அவனைத் தனியே அழைத்துத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு நீதி அதிகாரி, இவன் தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளக் கூடியவன் என்று கண்டு, ஆஸ்பத்திரியில் தங்காமல் வெளியிலிருந்தே சிகிச்சை பெறுமாறு உத்தரவிட்டார். அவன் அச்சிகிச்சையைப் பெற்றானா என்று பார்க்க வேண்டியவர் யார் என்பது எவருக்கும் தெளிவில்லை. ஆகவே எவரும் பார்க்கவில்லை.

இனி வருவதுதான் முக்கியம். அவ்வாறு தீர்ப்புப் பெற்றவன் துப்பாக்கி வாங்கலாகாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். ஆனால் வர்ஜீனியா மாகாணத்தாரோ, ஆஸ்பத்திரியில் தங்கவேண்டுமென உத்தரவு பெற்றோரின் பெயர்களை மட்டுமே தடைப் பதிவேட்டுக்கு அனுப்பி வந்தனர். வெளியிலிருந்து சிகிச்சை என்றால் பெயர் போகாது. அவன் பெயர் போகவில்லை. 2007 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவன் ஒன்றன்பின் ஒன்றாய் இரு கைத்துப்பாக்கி வாங்கியபோது, கடைக்காரர் முறைப்படி விசாரித்தனர். பதிவேட்டில் பெயரில்லை என்றே விடை வந்தது. செக்ரோலும் பேரேடும் எழுதிக் காலங்கழிக்கும் நம்மைப் போன்ற கிராணிமார்க்கு இது நன்றாய் விளங்கும். விடுபட்ட ஒரு வரியினால் ஒருவன் சம்பளம் போவதைக் கண்டிருக்கின்றோம். முப்பத்திரண்டு பேர் கொலையுண்ட வழியிலும் அத்தகைய விடுபட்ட வரி ஒன்று கிடந்தது. சீனம், கொரியா, மதம், விளையாட்டு, காதல் என்று உலகமே கூவிக்கொண்டிருந்தபோது, அந்த வரியைத் தேடிச் சென்றவர் வெகு சிலர். அந்த ஒரு வரி இருந்திருந்தால் கொலையே நிகழ்ந்திராது என்று நாம் சாதிக்கவில்லை. அதுவும் ஓர் ஊகமாய்விடும். சட்டம் மூட நினைத்த கதவு திறந்தே கிடந்தது என்பது மட்டும் உறுதி.

கதவை மூடவும் பேரறிஞர் வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 30-ஆம் நாளே, கொலை நடந்த இரண்டே வாரத்தில், கவர்னர் ஓர் உத்தரவு பிறப்பித்து, இரு வகைத் தீர்ப்புகளும் பதிவேட்டுக்குச் செல்லச் செய்தார். 2008 ஜனவரியில் நாடு முழுவதற்கும் இப்பதிவேட்டைச் சீர்செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று.

விசாரணைக் குழுவினர் தேடியும் அவர்களுக்கு அகப்படாத காகிதங்கள் சில இருந்தன. 2005-இல் சர்வகலாசாலையின் மனநல ஆலோசனை நிலையத்தார் அவனோடு பேசி எழுதிய குறிப்புகள் அவை. அவற்றைப் பற்றியும் வதந்தி உலவியது: மறைத்துவிட்டனர் என்றனர் சிலர், எரித்துவிட்டனர் என்றனர் சிலர். 2009 ஜூலையில், அந்நிலையத்தின் முன்னாள் தலைவர் வீட்டில், அவருடைய பழைய காகிதங்களோடு கலந்து அவை அகப்பட்டன. ஆகஸ்டு மாதம் வெளியிட்டார்கள். இரண்டாண்டு எதிர்பார்த்திருந்தோர் திறந்து பார்த்தனர். சில பக்கங்களே இருந்தன. தன்னையோ பிறரையோ கொல்லும் எண்ணம் உண்டா என்று கேட்டதற்கு அவன் இல்லை என்று விடையிறுத்ததாக அவற்றில் எழுதியிருந்தது.