ரஞ்சன்குடி: உதவிக்கு வந்த படை திரும்பிப் போகவில்லை

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ல போயிருந்தீங்கன்னா இந்தக் கோட்டையை நீங்க கண்டிப்பா கடந்து போயிருப்பீங்க. தொழுதூர் தாண்டி, பெரம்பலூர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நெடுஞ்சாலைக்குப் பக்கத்துல ஒரு பாறைக்குன்று, அதைச் சுத்தி அடுக்கடுக்கா மதில். அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை. இன்னைக்கு இந்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு.

இந்தக் கோட்டை வாசல்ல 1751-ல ஒரு சண்டை நடந்தது. பக்கத்து ஊர் வாலிகண்டபுரம். வெள்ளைக்காரங்க வாயில அது "வால்கொண்டா"ன்னு ஆச்சு, அவங்க புத்தகங்கள்ல இந்தச் சண்டைக்கும் அதே பேர்தான். ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். வால்கொண்டாவை யாரும் சொல்லித் தரல. காரணம் ரொம்ப சிம்பிள்: அதுல இங்கிலீஷ்காரங்க தோத்து ஓடிட்டாங்க.

இன்னைக்கு நான் சொல்லப் போறது யார் ஜெயிச்சாங்கங்கிற கதை இல்ல. ஒருத்தர் தன் பங்காளிச் சண்டைக்கு வெளிநாட்டுப் படையைக் கூப்பிடுறார். அந்தப் படைக்கான பில்லை யார் கட்டினாங்க, எத்தனை வருஷம் கட்டினாங்க? பெரம்பலூரையும் அரியலூரையும் வச்சே இதைப் பார்த்துடலாம்.

ரெண்டு நாற்காலி, ரெண்டு கம்பெனி

முதல்ல பின்னணி. 1748-ல ஹைதராபாத் நிஜாம் ஆசஃப் ஜா இறந்து போறார். அவர் இடத்துக்கு மகன் நாசிர் ஜங், பேரன் முசாபர் ஜங் ரெண்டு பேரும் போட்டி. நிஜாமுக்குக் கீழே இருந்தது ஆற்காடு நவாப் பதவி. கர்நாடகம்னு அப்போ சொன்ன பகுதி, அதாவது இன்னைய தமிழ்நாட்டோட பெரும்பகுதி, அந்த நவாப் கையில. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவர் அன்வருதீன் கான். பழைய நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிப், அது எனக்குத்தான் வரணும்னு கிளம்புறார்.

இப்படிப்பட்ட வாரிசுச் சண்டை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. புதுசு என்னன்னா, கடற்கரையில ரெண்டு வியாபாரக் கம்பெனி உட்கார்ந்திருந்தது. புதுச்சேரியில பிரெஞ்சு, சென்னையிலயும் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலயும் இங்கிலீஷ். 1746-ல அடையாற்றங்கரையில ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு பிரெஞ்சுப் படை, நவாபோட மகன் மாபூஸ் கான் கூட்டிட்டு வந்த பெரும் படையை விரட்டி அடிச்சது. அந்தச் சின்னப் படையிலயும் பாதிக்கு மேல பயிற்சி கொடுக்கப்பட்ட நம்ம நாட்டுச் சிப்பாய்கள். அந்த ஒரு நாளுக்கு அப்புறம், நாற்காலி ஆசை இருந்த எல்லாருக்கும் ஒரே யோசனை: இந்தப் படை நம்ம பக்கம் வந்தா எப்படி இருக்கும்?

சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரங்களைக் கூப்பிட்டார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே சம்மதிச்சார். 1749 ஆகஸ்ட்ல ஆம்பூர் சண்டையில அன்வருதீன் செத்துப் போறார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடி, இங்கிலீஷ்காரங்களைக் கூப்பிடுறார்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. 1748-லயே ஐரோப்பாவுல பிரான்ஸும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தம் போட்டாச்சு. பேப்பர்ல ரெண்டு நாட்டுக்கும் சண்டையே கிடையாது. ஆனா 1749-லேருந்து 1754 வரைக்கும் நம்ம மண்ணுல ரெண்டு பேரும் சுட்டுக்கிட்டாங்க. கேட்டா, நாங்க சண்டை போடல, எங்க நண்பருக்கு உதவி பண்றோம்னு பதில். இப்போ நியூஸ்ல "ப்ராக்ஸி வார்"னு சொல்றாங்களே, அதேதான்.

கோட்டைக்காரரோட கணக்கு

1751. முகமது அலி திருச்சியில இருக்கார். சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் ஆற்காட்டுப் பக்கமிருந்து திருச்சியை நோக்கி வர்றாங்க. அவங்களை வழியிலேயே மறிக்க, கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில இங்கிலீஷ் படை கடலூர்ப் பக்கமிருந்து கிளம்பி, விருத்தாசலம் வழியா ரஞ்சன்குடிக்கு வந்து சேருது. அந்தப் படையோட ராபர்ட் கிளைவ்னு ஒருத்தரும் வர்றார். அப்போ அவருக்குப் பேர் புகழ் எதுவும் கிடையாது.

திருச்சி ரோட்டுல இந்தக் கோட்டை கிட்டத்தட்ட ஒரு டோல்கேட் மாதிரி. இது யார் கையில இருக்கோ, ரோடு அவங்க கையில. அதனால ரெண்டு பக்கமும் கோட்டையோட கில்லேதாருக்கு, அதாவது கோட்டைத் தலைவருக்கு, தூது அனுப்புறாங்க.

அவர் என்ன பண்ணினார்? ரெண்டு பேர்கிட்டயும் நல்ல வார்த்தை பேசினார், ரெண்டு பேருக்கும் கதவைத் திறக்கல. யார் ஜெயிப்பாங்கன்னு தெரியுற வரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, அதுதான் அவரோட கணக்கு. அந்தச் சண்டைகளைப் பத்தி விரிவா எழுதின ராபர்ட் ஆர்ம் இதைக் கொஞ்சம் எரிச்சலோடதான் பதிவு பண்றார். ஆனா அவர் இடத்துல நின்னு பாருங்க. தப்பான பக்கத்துக்குத் திறந்தா தலை போகும். அவர் உட்கார்ந்திருந்தது ஒரு கோட்டை மட்டும் இல்ல. மதிலுக்குள்ள, கீழ்ப்பகுதியில, பேட்டையும் இருந்தது. கடைத்தெரு, வீடுகள், குடும்பங்கள்.

பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. இங்கிலீஷ்காரங்க பொறுமை இழந்தாங்க. பேட்டைக்குள்ள புகுந்து தீ வச்சாங்க. மேல இருந்த கல்கோட்டையைப் பிடிக்க முடியல. அதுக்குள்ள எதிர்ப்படை வந்து சேர்ந்துடுச்சு. மோதல் தொடங்கினதும் இங்கிலீஷ் சிப்பாய்கள் பயந்து பின்வாங்க ஆரம்பிச்சாங்க. கிளைவும் மத்த அதிகாரிகளும் நிறுத்திப் பார்த்தாங்க, முடியல. முகமது அலியோட தம்பி அப்துல் வகாப் கான் குதிரையில வந்து, என் ஆளுங்க நிக்கிறாங்க, நீங்க ஓடுறீங்களேன்னு திட்டினதா ஆர்மே எழுதுறார். ஊட்டத்தூர் வழியா ஓடின படை திருச்சியிலதான் போய் நின்னது.

அந்த வருஷக் கடைசியில கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சுத் தாக்குப்பிடிச்சார், காத்து மாறிடுச்சு. அடுத்த வருஷம் 1752 ஜூன்ல அதே ரஞ்சன்குடி, ஆனா காட்சி தலைகீழ். ஸ்ரீரங்கத்துல மாட்டிக்கிட்ட பிரெஞ்சுப் படைக்கு உதவி கொண்டு போன தோத்தேய், கிளைவ் துரத்தினதுல இங்க வந்து ஒதுங்குறார். கில்லேதார் கல்கோட்டையோட கதவை அவருக்கும் மூடிட்டார். தோத்தேய் சரணடைஞ்சார். சில நாள்ல ஸ்ரீரங்கத்துல இருந்த பிரெஞ்சுப் படையும் சரண். சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி கையில சிக்கிக் கொல்லப்பட்டார்.

கில்லேதாரோட கணக்கு பலிச்சுதுன்னு சொல்லலாம், கோட்டை அவர்கிட்டயே இருந்தது. ஆனா பேட்டை எரிஞ்சது எரிஞ்சதுதான். அங்க இருந்தவங்க கிட்ட யாரும் தூது அனுப்பல. நீ எந்தப் பக்கம்னுகூட யாரும் கேட்கல.

ஜெயிச்சவருக்கு வந்த பில்

முகமது அலி ஜெயிச்சார். 1763 பாரிஸ் ஒப்பந்தத்துல, கர்நாடகத்தோட சட்டப்படியான நவாப் இவர்தான்னு பிரிட்டனும் பிரான்ஸும் எழுதிக் கையெழுத்தே போட்டாங்க. நம்ம ஊருக்கு நவாப் யாருங்கிறது பாரிஸ்ல முடிவாச்சு. சேப்பாக்கத்துல கிரிக்கெட் பார்க்கப் போறப்போ வாலாஜா ரோடுன்னு வருமே, அந்த வாலாஜா இவர்தான். பக்கத்துல இருக்கிற சேப்பாக்கம் அரண்மனையும் இவர் கட்டினதுதான்.

இப்போ பில் வருது. படைக்குச் சம்பளம், வெடிமருந்து, சாப்பாடு எல்லாத்தையும் கம்பெனி நவாப் பேர்ல எழுதிடுச்சு. அவர்கிட்ட அவ்வளவு காசு இல்ல. 1763-ல செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். அதுவும் பத்தல. அதனால கடன் வாங்கினார். யார்கிட்ட? அதே கம்பெனியில வேலை பார்த்தவங்க கிட்ட. அவங்க தனிப்பட்ட முறையில, கொள்ளை வட்டிக்குக் கொடுத்தாங்க. அடமானம் என்ன? ஊர்களோட நிலவரி வருமானம்.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு இன்ஃபினிட் லூப். படைக்குக் காசு வேணும், அதுக்குக் கடன். கடனைக் கட்ட வரி வேணும். வரி கொடுக்காதவங்க மேல படை அனுப்பணும். அந்தப் படைக்கும் காசு வேணும். இந்த லூப்லேருந்து வெளிய வர்ற கண்டிஷன் நவாப் கையில இல்ல. கம்பெனிப் படையை வேணாம்னு சொல்லிட்டா, அடுத்த நாள் அவரால நவாபா இருக்க முடியாது.

பால் பென்ஃபீல்டுன்னு ஒரு கம்பெனி ஊழியர். சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. 1773-ல நவாப் கம்பெனிப் படையை வச்சுத் தஞ்சாவூரைப் பிடிச்சார். 1776-ல அதை மராட்டிய ராஜாகிட்டயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி லண்டன்லேருந்து உத்தரவு. உடனே பென்ஃபீல்டு, தஞ்சாவூர் விளைச்சல் மேல எனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல பாக்கின்னு வந்து நிக்கிறார். எதிர்த்த கவர்னர் பிகாட்டை அவரோட கவுன்சில்காரங்களே கைது பண்ணினாங்க, அவர் காவல்லயே செத்துப் போனார். 1785-ல எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல இந்தக் கடன்களைப் பத்தி நீளமா ஒரு பேச்சுப் பேசினார். பலன் இல்ல. 1805-ல நியமிச்ச கமிஷன் கணக்கைப் பிரிச்சுப் பார்த்தப்போ, வந்த கோரிக்கை சுமார் 3 கோடி பவுண்டு. உண்மைன்னு ஒப்புக்கிட்டது அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல.

அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் என்ன ஆச்சு

அந்த லூப்ல "வரி கொடுக்காதவங்க மேல படை"ன்னு ஒரு வரி வந்தது இல்லையா? அது நம்ம ஊர்தான்.

இன்னைக்கு அரியலூர் மாவட்டமா இருக்கிற பகுதியில அப்போ ரெண்டு பாளையம் முக்கியம். அரியலூர்ல மழவராயர்கள், உடையார்பாளையத்துல காலாட்கள் தோழ உடையார்கள். காடு நிறைஞ்ச பகுதி, சொந்தப் படை, சொந்தக் காவல். நவாபுக்குப் பேஷ்கஷ், அதாவது கப்பம், கட்டணும். ஆனா பலம் பார்த்து, பேரம் பேசித்தான் கட்டுவாங்க. மழை பொய்ச்ச வருஷம் குறையும், நவாப் பலவீனமா இருந்தா தள்ளிப் போகும். இந்த நெளிவு சுளிவுலதான் பாளையங்கள் பிழைச்சு வந்தது.

கடன்காரன் வாசல்ல நிக்கிற நவாபால அந்த நெளிவு சுளிவைத் தாங்க முடியாது. 1765-ல கப்ப பாக்கியைக் காட்டி, கம்பெனிப் படையோட உதவியில ரெண்டு பாளையத்தையும் நவாப் பிடிச்சார். பாளையக்காரர்கள் ஊரைவிட்டுத் தப்பி ஓடினாங்க. இந்த ரெண்டு பாளையமும் லண்டனுக்கோ பாரிஸுக்கோ எந்தக் கெடுதலும் பண்ணல. பில்லுல மட்டும் அவங்க பேர் இருந்தது.

பாளையக்காரர் கட்டுற கப்பம் அவர் சொந்தக் காசும் இல்ல. கரிசல்லயும் செம்மண்லயும் வானம் பார்த்து விதைச்சவங்க கொடுத்தது. ஊரோட குத்தகைக்காரர் கறாரா இருக்கிறதுக்கும், சென்னையில ஒரு வெள்ளைக்காரர் வட்டி கேட்கிறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அந்த விவசாயிக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

1792-ல இன்னொரு ஒப்பந்தம். பாளையக்காரர்கள்கிட்ட கப்பம் வசூல் பண்ற வேலையையே கம்பெனி எடுத்துக்கிட்டது. கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் 1798-ல வந்த தகராறு இந்த வசூல் பாக்கியிலதான் தொடங்குது. 1799-ல கயத்தாறுல தூக்கு. நம்ம சினிமாவுல வர்ற அந்தக் கதைக்கு முன்கதை, ரஞ்சன்குடி வழியா போன அந்தப் படைகளோட பில்.

சரியா 50 வருஷம்

1801 ஜூலை 31. முகமது அலியும் அவர் மகனும் இறந்தாச்சு. அடுத்து வந்த அசீம்-உத்-தவுலா, கர்நாடகம் முழுக்கக் கம்பெனி நிர்வாகத்துக்குன்னு கையெழுத்துப் போடுறார். பட்டமும் உதவித்தொகையும் மட்டும் மிச்சம். அப்போ சென்னை கவர்னர் யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ். 1751-ல ரஞ்சன்குடியில ஓடுற சிப்பாய்களை நிறுத்தப் பார்த்தாரே, அந்த ராபர்ட் கிளைவோட மகன். அப்பா நவாபுக்கு உதவிக்கு வந்த படையில இருந்தார். மகன் காலத்துல நவாபோட நாடே அந்தக் கம்பெனிக்குப் போச்சு.

அரியலூரும் உடையார்பாளையமும் ஜமீன்களா மாறிச்சு. படை கிடையாது, பேரம் கிடையாது, கப்பம் நிலையானது. அந்த ஜமீன் முறை 1948-ல சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒழிக்கிற வரைக்கும் நீடிச்சது. தோத்த பிரெஞ்சுக்காரங்க கையில மிஞ்சின புதுச்சேரியும் காரைக்காலும் இன்னைக்கும் தமிழ்நாட்டுல சேராம தனி யூனியன் பிரதேசத்துல இருக்கு. அதுவும் இந்தச் சண்டைகளோட மிச்சம்தான்.

கம்பெனிக்காரன் கெட்டவன், நவாப் ஏமாளின்னு இதைச் சுருக்கிடாதீங்க. முகமது அலிக்கு 1749-ல வேற வழி இருந்த மாதிரி தெரியல. அப்பாவைக் கொன்ன படை துரத்திட்டு வருது, கையை நீட்டினவங்க கையைப் பிடிச்சார். அந்த முடிவு அவர் உயிரையும் பதவியையும் காப்பாத்தினதும் உண்மை. ஆனா அந்தப் படைக்கு யார் சம்பளம், எப்போ திரும்பிப் போகும், போகாட்டி யார் அனுப்புவாங்க, இந்த மூணு கேள்விக்கும் அன்னைக்கு யார்கிட்டயும் பதில் இல்ல.

நாலாவது கேள்வியும் இருக்கு: கையெழுத்துப் போடுற மேசையில யார் இல்ல? 1987 ஜூலையில இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குப் போச்சு. 1990 மார்ச்ல திரும்பியும் வந்துடுச்சு, அந்த வகையில கம்பெனிக் கதையும் இதுவும் ஒண்ணு இல்ல. ஆனா யாருக்காகப் போனதோ அந்தத் தமிழர் தரப்போட கையெழுத்து ஒப்பந்தத்துல இல்ல. அந்த இடைவெளி என்ன விலை கேட்டதுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும்.

அடுத்த தடவை ஏதோ ஒரு நாட்டுக்கு ஒரு வல்லரசு "அழைப்பின் பேரில்" படை அனுப்புதுன்னு போன்ல நோட்டிஃபிகேஷன் வந்தா, யார் ஜெயிப்பாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியையும் கேட்டுப் பாருங்க. திருச்சிப் பக்கம் போனா, ரஞ்சன்குடியில ஒரு மணி நேரம் இறங்குங்க. எல்லாரும் மேல ஏறி போட்டோ எடுப்பாங்க. நீங்க கீழே, பேட்டை இருந்த இடத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.