அறவாழி ஏந்திய கொடி

மூவேந்தர் நாளில் கொடியைக் கண்டே அரசனை அறிந்தனர். மீன் எனில் பாண்டியன். புலி எனில் சோழன். வில் எனில் சேரன். இது யாருடையது என்ற வினாவுக்குக் கொடியே விடையாக நின்றது. முடியரசு மறைந்து மக்களாட்சி மலர்ந்த நாட்டிலோ அவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. நம் மூவண்ணக் கொடி எல்லாருக்கும் உரியது என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் ஆளுக்கு ஒரு பங்காக உரியதா, பங்கு பிரிக்கப்படாமல் முழுவதும் ஒவ்வொருவருக்கும் உரியதா? இதனைத் தீர்க்க நம் தலைவர்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி பேசும் மாநிலங்களில் வேரூன்றி வாழும் நமக்கு அவ்வரலாறு வெறும் பழங்கதையன்று.

தொடக்கத்தில் பங்கு என்னும் எண்ணமே மேலோங்கி நின்றது. நிவேதிதை அம்மையார் வகுத்த கொடியில் வச்சிராயுதம் விளங்கியது. அவரைக் குருவாகப் போற்றிய பாரதியார் தம் கொடிப் பாடலில் வச்சிரத்தையும் இளம்பிறையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். 1917-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் திலகரும் தன்னாட்சி இயக்கத்திற்கென எடுத்த கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகளும் நான்கு பச்சைப் பட்டைகளும் இருந்தன. ஒரு மூலையில் பிரிட்டிஷ் கொடியும் இருந்தது. அந்த மூலை உள்ளவரை அக்கொடி நாட்டினர் நெஞ்சில் இடம்பெறுவது ஏது?

1921-இல் பெஜவாடாவில் காங்கிரஸ் செயற்குழு கூடியபோது, பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையும் கொண்ட கொடி ஒன்றைக் காந்தியடிகளிடம் அளித்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்பது கருத்து. அப்படியாயின் ஏனையோர் எங்கே? அவர்களுக்கென வெண்மையைச் சேர்க்கச் செய்தார் அடிகள். கைராட்டையையும் பொறிக்கச் செய்தார். எனினும் பங்கிடத் தொடங்கிய பின் அதற்கு முடிவு ஏது? சீக்கியர் தமக்கும் ஒரு நிறம் வேண்டினர். அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. பங்கு என்று வந்தால் பங்கு கேட்கத்தானே செய்வர்?

1931-இல் எழுவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. படேல், நேரு, ஆசாத், தாரா சிங் ஆகியோர் அதில் இருந்தனர். முழுவதும் காவி நிறமான கொடியை அக்குழு பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காங்கிரஸ் அதனை ஏற்காமல், காவி, வெண்மை, பச்சை என்னும் வரிசையையும் நீலக் கைராட்டையையும் ஏற்றது. நிறங்கள் எச்சமயத்தையும் குறிப்பன அல்ல. வீரமும் தியாகமும், அமைதியும் வாய்மையும், நம்பிக்கையும் ஆண்மையும் ஆகிய பண்புகளையே குறிப்பன என்று தெளிவுபடுத்தியது. கொடியின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுவே என்பது நம் கருத்து. துணி ஏறக்குறைய அதுவே. பொருள்தான் முற்றிலும் புதிது. ஆறு திங்களுக்குள், 1932 ஜனவரியில், திருப்பூர்க் குமரன் கொடியைக் கைவிடாது தடியடிபட்டு உயிர்நீத்தார். அதே திங்களில் ஆர்யா பாஷ்யம் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிக் கொடியை ஏற்றினார்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தார். கைராட்டை நீங்கி அசோகச் சக்கரம் இடம்பெற்றது. அதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று மிக எளியது: கொடியின் இருபுறமும் சின்னம் ஒன்றுபோல் தெரிய வேண்டும், கைராட்டை அவ்வாறு தெரியாது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அவர்கள் சக்கரத்தை அறமாகவும் இயக்கமாகவும் விளக்கினார். அன்று பேசியவர்களுள் நாம் மறக்கலாகாதவர் ஆதிவாசிகளின் தலைவர் ஜெய்பால் சிங். தம் மக்கள் ஒவ்வோர் ஊருக்கும் தனிக்கொடி உடையவர்கள் என்றும், பன்னெடுங்காலமாக அக்கொடிகளுக்காகப் போராடியவர்கள் என்றும் அவர் எடுத்துரைத்தார். அக்கொடியோடு தேசியக் கொடியும் இனி உண்டு என்று கூறி அதனை மனமுவந்து ஏற்றார். தன்னுடையதை விடாமலே பொதுவானதை ஏற்கலாம் என்பதை இதனினும் தெளிவாக உரைத்தவர் அந்த அவையில் இலர். காந்தியடிகளோ, கைராட்டை இல்லாத கொடியை வணங்கேன் என்று மனம் நொந்து கூறினார்.

இனிச் சக்கரத்தைக் காண்போம். இருபத்து நான்கு ஆரங்கள் கொண்ட அது, சாரநாத் தூணின் தலைப்பிலிருந்து எடுக்கப்பெற்றது. சங்கப் புலவர் மௌரியரை 'மோரியர்' என்பர். அவர்தம் தேர்ச்சக்கரம் உருள மலையைக் குறைத்து வழி செய்த செய்தி அகநானூற்றில் வருகிறது. அது வென்றி வேட்கையின் சக்கரம். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளிலோ சோழரும் பாண்டியரும் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டாராகக் குறிக்கப்பெறுகின்றனர். அந்நாடுகளில் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகளை அனுப்பி நடச்செய்ததாகவும் அவர் பொறித்துள்ளார். ஒரே குலத்துச் சக்கரங்கள் இரண்டு. கொடியில் அமர்ந்தது இரண்டாவது. 'அறவாழி' என்னும் சொல் குறளின் முதல் அதிகாரத்திலேயே உள்ளது. புத்தர்பிரான் அறச்சக்கரம் உருட்டியதை மணிமேகலை போற்றுகிறது. ஆதலின் நமக்கு இச்சின்னம் புதிதன்று.

அச்சாரநாத் தலைப்பே அரசின் முத்திரையுமாகும். 1905-இல் அகழ்ந்தெடுக்கப்பெற்ற அது, 1950 ஜனவரி 26 அன்று முத்திரையாக ஏற்கப்பெற்றது. நாணயத்தில் மூன்று சிங்கங்களே தோன்றினும், முதுகொடு முதுகு சேர்த்து நிற்பவை நான்கு. கீழே யானை, குதிரை, காளை, சிங்கம் என்பன சக்கரங்களுக்கிடையே நடக்கின்றன. அடியிலிருந்த தாமரை முத்திரையில் விடப்பட்டது. தமிழக அரசின் முத்திரையில் பின்னே கோபுரம் உயர, முன்னே அச்சிங்கங்கள் நிற்கின்றன. முண்டக உபநிடதத்து வாசகம் அங்கே 'வாய்மையே வெல்லும்' எனத் தமிழில் விளங்குகிறது.

விடுதலைத் திருநாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநரே கொடியேற்றி வந்தனர். முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அவர்கள் வற்புறுத்தியதன் பயனாக, 1974 முதல் அவ்வுரிமை முதலமைச்சர்களுக்கு வாய்த்தது. பொதுமக்கள் தம் இல்லங்களில் எந்நாளும் கொடி ஏற்றலாம் என்ற நிலை 2002-இல்தான் வந்தது. கைராட்டை கொடியின் நடுவிலிருந்து நீங்கிய பின்னும், கையால் நூற்று நெய்த கதரே கொடித்துணி என்ற விதியால் அதன் இழையிலேனும் தங்கியிருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தம் எந்திரத் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடமளித்துவிட்டது. மலிவு கருதி அவற்றை வாங்குவோரை நாம் பழிக்கவில்லை. எனினும் நம் சங்கத்துக் கொடிமரத்தில் கதரே பறத்தல் வேண்டும் என்பது நம் விழைவு.