தென்பெண்ணை நதிப் பங்கீடும் பாத்தியதை உடையோரும்

கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் உற்பத்தியாகி, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை ஜில்லாக்களின் வழியே பாய்ந்து, கடலூர் அருகே சமுத்திரத்தில் சங்கமிக்கும் தென்பெண்ணை, இரு ராஜ்யங்களின் பொது உடைமையாகும்.

1892ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கை, தென்பெண்ணை உள்ளிட்ட குறிப்பிட்ட நதிகளில் சென்னையின் முன்சம்மதமின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கம் அமைத்தலாகாது என விதித்தது. எனினும் அதில் ஒப்பமிட்டவை அரசாங்கங்களேயன்றி, அந்நீரை நம்பி ஏர் பூட்டிய குடியானவர்கள் அதில் ஒரு கட்சியினராக இடம்பெறவில்லை என்பதே அதன் பெருங்குறையாம்.

திருவண்ணாமலைக்கு அணித்தாக 1958இல் எழும்பிய சாத்தனூர் அணை, 119 அடி உயரத்தில் நீரைத் தேக்கிப் பாசனத்திற்கு உதவுகிறது. தென்பெண்ணையின் உபநதியான மார்க்கண்டேயத்தின் குறுக்கே கர்நாடகம் அணை கட்டுவதை ஆட்சேபித்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2019 நவம்பரில் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்து, தீர்ப்பாயம் கோருமாறு வழிகாட்டிற்று.

2024 டிசம்பரில், புயல்மழையின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கனஅடிக்கு மேல் நீர் வெளியேறவே, கீழ்ப்பகுதிக் கிராமங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. ஆதலின் வறட்சிக் காலப் பங்கீட்டைப் போலவே வெள்ள முன்னறிவிப்பும் ஒத்துழைப்பின் அங்கமேயாம். மேற்பகுதிக் குடியானவரும் கீழ்ப்பகுதிக் குடியானவரும், குடிநீருக்கு நதியை நாடும் நகரத்தாரும் ஒரே சபையில் அமராதவரை எந்த உடன்படிக்கையும் பூர்த்தியாகாது.